ஒதுங்கிக்கொடுத்த பக்கம்

எங்கள் ஜீப்பின் பின்பக்கம் ஒருபுறமாகத் தாழ்ந்திருப்பதை முதலில் கண்டது நானில்லை. மார்கழிக் காலையில் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த அத்தைதான், குனிந்த வாக்கிலேயே தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏய்யா, வண்டி இந்தப் பக்கம் உக்காந்துருக்கு பாரு.” நின்றபடி பார்த்தால் தெரியாது. நான் தினமும் நின்றபடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பின் சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரிகிற வெளிச்சம் வலது பக்கத்தைவிடக் குறைந்திருந்தது. அதைத் தரையோடு தரையாகப் பார்க்கிற கண்தான் பிடிக்கும்.

அது 1996ஆம் வருஷத்து மகிந்திரா கமாண்டர். நான் வாங்குவதற்கு முன்னால் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆள் ஏற்றி ஓடிய வண்டி. போடிநாயக்கனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன்னே தெருமுனைகளில் தூக்குவாளியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரள எல்லை தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி கூட்டிவருகிற ஜீப்புகளில் ஒன்று. தார் ரோட்டோடு வேலை முடியாது. தோட்டத்துக்குள் போகிற வழி கல்லும் சேறும்தான்; மழைக்காலத்தில் சேறு மட்டும்தான். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆள் கணக்கைவிடப் பல பேர் உள்ளே இருப்பார்கள்.

அத்தை இருபத்திரண்டு வருஷம் அப்படி மலைக்குப் போனவர். இதே வண்டியில்கூடப் போயிருக்கலாம். கேட்டால், “இருட்டுல ஏறி இருட்டுல எறங்குவோம், எந்த ஜீப்புன்னு யாருய்யா பாத்தா” என்பார்.

தாழ்வோடு ஒரு சத்தமும் இருந்தது. நின்ற வண்டியை முதல் கியரில் எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரே ஒரு ‘டக்’. பிரேக் பிடித்து நிறுத்தும்போது இன்னொரு ‘டக்’. வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்தே வந்தது. முன்சக்கரம் திரும்பிய பிறகு பின்சக்கரம் யோசித்துவிட்டுத் தொடர்வதுபோல. கல் பாதையில் போனால் வால் மட்டும் தனியாக இடறியது.

முதலில் காட்டிய இடத்தில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒன்றில் எண்ணெய் கசிந்து, தூசி படிந்து, தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. நான்கையும் மாற்றினேன். துள்ளல் குறைந்தது உண்மை. தாழ்வு அப்படியே இருந்தது, ‘டக்’ அப்படியே இருந்தது. செலவுக்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஷாக் பாரம் சுமப்பதே இல்லை. அதன் உள்ளே எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போய்வருகிறது. அந்தத் தடை ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பாரத்தைச் சுமப்பது, சக்கர அச்சோடு அடுக்காகக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டை. ஒன்று சுமக்கிறது, மற்றது சமாதானம் சொல்கிறது. சுமக்கிறவருக்கு முடியாமல் போகும்போது சமாதானம் சொல்கிறவரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது இடத்தில், “ஒரு பட்டை கூடப் போட்டுருவோம் சார், தூக்கிரும்” என்றார்கள். தூக்கியது. இரண்டு வாரம் வண்டி நேராக நின்றது; எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகுத்தண்டில் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. தளர்ந்த கட்டுக்கு மேலும் ஒரு பட்டையைச் சேர்த்தால் கட்டு விறைக்கிறது. விறைத்த பட்டை அதிர்ச்சியைத் தன்னுள் வாங்காது. அப்படியே சேஸிஸுக்கும் பட்டையைத் தாங்கும் கொக்கிக்கும் கடத்திவிடும். பழைய வண்டிகளில் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸ் கீறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது வாரம் தாழ்வு திரும்பி வந்தது. சத்தம் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

அதற்குப் பிறகுதான் தேனியில் ஒரு பட்டைப் பட்டறைக்குப் போனேன். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. கறுத்த வேப்பமரத்தடியில் லாரிப் பட்டைகள் அரிவாள் குவித்ததுபோல் கிடந்தன. எழுபதை ஒட்டிய பெரியவர் ஒருவர் பட்டறைக்கல்லின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பட்டை என்று சொல்லவில்லை. “வில்லு போச்சா தம்பி?” என்றார்.

அந்தச் சொல் என்னை அங்கேயே நிறுத்தியது. வில்வண்டி என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறோம். எது அதில் வில் என்று நான் யோசித்ததே இல்லை. மாட்டுவண்டியின் அச்சுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த வளைந்த இரும்புப் பட்டைகள்தாம் வில். பெரியவருடைய அப்பா கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வில்வண்டிகளுக்குப் பட்டை அடித்தவராம். லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் 1804இல் நீள்வட்ட வடிவப் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அது குதிரைவண்டிகளைத் தொற்றி, கடலைத் தாண்டி, நம் மாட்டுவண்டிக்கும் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அது சுகமாக மட்டும் இருக்கவில்லை, அந்தஸ்தாகவும் ஆனது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், பொதுவழியில் நடக்கவே சிலருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 1893இல் அவர்களில் ஒருவரான அய்யன்காளி ஒரு வில்வண்டியில் ஏறி அந்தத் தெருக்களில் ஓட்டிக்கொண்டு போனார். நடந்து போயிருந்தாலும் அது போராட்டம்தான். அவர் வில்வண்டியைத் தேர்ந்தெடுத்தார். சக்கரத்துக்கு மேல் மனிதன் குலுங்காமல் உட்காருவது என்பது யாருக்கு உரியது என்ற கேள்வி அந்த இரும்பு வளைவில் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கர்கள் செய்த வில்லிஸ் ஜீப்பிலும் இதே வில்தான். அதை 1940களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மகிந்திராவின் ஜீப்புகளிலும் இதே வில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 2020இல் வந்த ‘தார்’ வண்டியில்தான் பின்பக்கமும் சுருள் ஸ்பிரிங்காக மாறியது. சுருள் சுகமானது, மறுக்கவில்லை. ஆனால் சுருள் ஒரு வேலைதான் செய்யும், பாரம் தாங்கும். அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிக்கத் தனித்தனிக் கம்பிகள் வேண்டும். பட்டைக் கட்டு எல்லாவற்றையும் தானே செய்கிறது. பாரம் தாங்குகிறது, அச்சை அதன் இடத்தில் பிடித்துவைக்கிறது, இன்ஜின் உந்தும்போதும் பிரேக் இழுக்கும்போதும் அந்த முறுக்கைத் தானே வாங்குகிறது, பட்டையோடு பட்டை உரசுவதால் ஆட்டத்தையும் ஓரளவு தானே அடக்குகிறது. அதனால்தான் அது தேயும்போது எந்த வேலையில் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது சிரமம். எல்லா வேலையையும் ஒருவரே செய்கிற வீட்டில், அவருக்கு என்ன வலிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் சத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பெரியவர் கையமர்த்தினார்.

“சத்தம் கெடக்கட்டும் தம்பி. மொதல்ல வண்டியில இருக்குற சாமானெல்லாம் எறக்குங்க.”

“எல்லாத்தையுமாய்யா?”

“எல்லாத்தையும். ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, பின்னாடி கெடக்குற அந்த மூட்டை, எல்லாம். பாரம் ஏத்துனா நல்ல வில்லும் தாழும், கெட்ட வில்லும் தாழும். எறக்குனப்பறம் எது நிமிரலையோ அதுதான் போனது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டீக்குப் பையனை அனுப்பினார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டேன். தேய்மானத்தைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது தலைகீழாக இருந்தது. பாரத்தில் வளைவதுதான் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். வளைவதற்குத்தானே வில்? வளையாத பட்டை வெறும் கட்டை. ராபர்ட் ஹூக் 1678இல் வில்லைப் பற்றி எழுதிய நூலுக்கு லத்தீனில் வைத்த பெயரே, திரும்பி எழுகிற ஆற்றல் என்று பொருள்படும். தமிழில் இயற்பியல் பாடப்புத்தகம் அதை ‘மீட்சி’ என்கிறது. மீட்சிக்கு ஓர் எல்லை உண்டு என்றும் அதே பாடம் சொல்கிறது. அதற்குள் எவ்வளவு வளைத்தாலும் விட்டவுடன் பழைய வடிவுக்கு வந்துவிடும், தாண்டினால் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். பத்தாம் வகுப்பில் இதைப் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன்தான் நான். தாழ்ந்துபோன பட்டை உடைந்த பட்டை இல்லை. அது பாரத்தைத் தன் வடிவமாக ஏற்றுக்கொண்டுவிட்ட பட்டை. பாரம் போன பிறகும் பாரம் இருக்கிற மாதிரியே நிற்கிறது.

இறக்கினோம். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, முதலில் டயர் காற்றைச் சரிபார்த்தார்; ஒரு டயரில் காற்று குறைந்தாலே வண்டி சாய்ந்து காட்டும், ஊரை ஏமாற்றும். பிறகு பின்பக்கத்தை மூன்று முறை அழுத்தி ஆட்டிவிட்டு, தானாக அடங்கி உட்காரும்வரை பொறுத்திருந்தார். ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்தார். இடது பக்கம் இரண்டரை அங்குலம் குறைவு.

“இடது பின்னாடி தாழ்ந்தா கோளாறு இடது பின்னாடிதான்னு இல்ல தம்பி. முன்னாடி வில்லு ஒண்ணு சாஞ்சாலும் பின்னாடி இப்பிடிக் காட்டும்” என்றார். பின் அச்சின் நட்டநடுவை அளந்து அங்கே ஜாக்கி வைத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி தூக்கினார். இப்போது பின்பக்கம் தராசு முள்போல் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. வண்டி எப்படிச் சாய்வது என்பதை முன்பக்கம் மட்டும்தான் தீர்மானிக்கும். வண்டி நேராக நின்றது. ஆகவே முன்பக்கம் குற்றமற்றது. சாய்த்தது பின்பக்கம்தான். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் நான் நான்கு ஷாக் மாற்றியிருக்கிறேன்.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, நூல் ஒன்றை எடுத்து முன் ஹப்பிலிருந்து பின் ஹப்புக்குப் பிடித்தார். இடது பக்கம் வலதைவிட அரை அங்குலம் நீளம். அதாவது இடது பின்சக்கரம் தன் இடத்தை விட்டுப் பின்னால் போயிருக்கிறது. வண்டி நேராக ஓடும்போதுகூட உடம்பு ஒரு பக்கமும் பாதை ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தே பழகிவிட்டேன், பழகியதை உணரவும் இல்லை.

அடியில் படுத்து டார்ச் அடித்தவர் என்னையும் கூப்பிட்டார். அந்தக் காட்சியை நான் மறக்கப்போவதில்லை. பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிற யூ போல்ட்டுக்குப் பக்கத்தில், அழுக்குக்கும் சேற்றுக்கும் நடுவே, நகம் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. பட்டையின் பின்முனையில், ஷேக்கிள் என்கிற ஊஞ்சல் இணைப்பு, செங்கல் நிறத்தில் துருவேறி இறுகியிருந்தது.

“அசையவே கூடாத எடத்துல பளபளப்பு. அசைய வேண்டிய எடத்துல துரு. வேற என்ன வேணும் உங்களுக்கு?”

புரிய வைத்தார். பாரம் ஏறும்போது வளைந்த வில் நேராகிறது. நேராகும்போது அது நீளமாகிறது. அந்த நீளம் எங்கேயாவது போக வேண்டும். அதற்குத்தான் ஒரு முனையில் ஊஞ்சல். ஊஞ்சல் துருவில் இறுகிவிட்டால், நீள இடமில்லாத பட்டை நடுவிலும் முனையிலும் முறுகும். மறுபக்கம், யூ போல்ட் தளர்ந்தால் அச்சு பட்டையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதைத் தடுக்க மிஞ்சுவது பட்டைகளின் நடுவே செருகியிருக்கும் ஒல்லியான சென்டர் போல்ட் ஒன்றுதான். அதன் வேலை பட்டைகளைக் கோர்த்து இடத்தில் நிறுத்துவது. வண்டியின் இழுவையைத் தாங்குவது இல்லை. என் ‘டக்’ அங்கிருந்துதான் வந்தது. கியர் போடும்போது அச்சு முன்னால் ஒரு நூல், பிரேக் போடும்போது பின்னால் ஒரு நூல். புதுப் பட்டை போட்டவர்கள் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி முடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சந்தேகம் தீர, பட்டைக்கும் அதன் அடித்தகட்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, தெருமுனை வரை ஓட்டி வரச்சொன்னார். திரும்பி வந்தபோது கோடு இரண்டு துண்டாக விலகி இருந்தது.

சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்றவிட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனைத் தன் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை என்றார். யூ போல்ட்டுகளை வெட்டி எடுத்தார்கள். சென்டர் போல்ட் கையோடு இரண்டாக வந்தது. கட்டைப் பிரித்தபோது, மெயின் பட்டைக்கு அடுத்த இரண்டாவது பட்டை சரியாகச் சென்டர் போல்ட் ஓட்டையில் முறிந்திருந்தது. வெளியே இருந்து ஆயிரம் முறை டார்ச் அடித்தாலும் தெரியாது. முறிவு கட்டுக்குள்ளே, இறுக்கிப் பிடித்திருந்த இடத்துக்கு நேர் அடியில் இருந்தது.

முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். முக்கால் பாகம் பழுப்பு. ஆற்றங்கரை ஈரமணலில் தண்ணீர் வற்றிவற்றிப் போன தடம்போல் வரிவரியாக வளைகோடுகள். மீதிக் கால்பாகம் மட்டும் உப்புக்கல் உடைத்ததுபோல் பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. “இந்தப் பளபளப்புதான் போன மாசம் ஒடஞ்சது. இந்தப் பழுப்பு எத்தன வருஷமோ.”

அந்த முகம் ஒரு பழைய புதிரை நினைவூட்டியது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து பலர் எரிந்து இறந்தார்கள். நல்ல இரும்பு அளவான பாரத்தில் ஏன் உடைகிறது என்பது அந்தக் காலத்தில் புதிராக இருந்தது. இரும்பு உள்ளுக்குள் படிகமாக மாறிவிடுகிறது என்றெல்லாம் சொன்னார்கள். பிரஷ்ய ரயில்வேயில் இன்ஜினியராக இருந்த அவுகுஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டுச் சோதித்துப் பார்த்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான விசையைவிட எவ்வளவோ குறைந்த விசை, திரும்பத் திரும்ப வந்தால் போதும் என்று காட்டினார். வலி தாங்குகிற முகப்பில், ஒரு துருப்புள்ளியிலோ ஓட்டையின் விளிம்பிலோ, கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை. மிச்சமிருக்கும் இரும்பு, போன இரும்பின் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடுகிறது. கடைசியில் ஏதோ ஒரு சாதாரணப் பள்ளத்தில் முடிகிறது. நாம் அந்தப் பள்ளத்தைத் திட்டுகிறோம்.

“ஏன் ஐயா இடது பக்கம் மட்டும்?” என்றேன். “வலது பட்டையும் அதே வயசுதானே?”

பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “மலை ரோட்டுல எதுத்தாப்புல பஸ் வந்தா யாரு ஒதுங்குறது?”

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள். ஒதுங்கும்போதெல்லாம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கி ஏறுவது இடது சக்கரம். போக பதினேழு, வர பதினேழு வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பஸ்ஸோ லாரியோ. முன்சக்கரத்தையாவது டிரைவர் பார்த்து இறக்குவார். பின்சக்கரம் எதில் இறங்குகிறது என்று யார் பார்க்கிறார்கள்? ஆட்கள் கூட்டமாக உட்காருவதும் பின்னால்தான். இத்தனை வருஷம் வழிவிட்ட பக்கம்தான் தளர்ந்திருக்கிறது.

இரண்டு பக்கப் பட்டைகளையும் பிரித்துத் தரையில் ஜோடிஜோடியாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். எதுவும் ஏற்றாமல், எதோடும் கட்டாமல், வெறும் தரையில். வலது பட்டைகள் தொட்டில்போல் வளைந்து கிடந்தன. இடது பட்டைகள் ஏறக்குறைய நேராக இருந்தன. வண்டியே இல்லை; அப்போதும் அவை சுமந்துகொண்டிருந்தன. நான் அங்கே நின்று நினைத்தது அத்தையை.

அத்தை வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. மூட்டு வலி தாங்காமல் நாங்கள்தான் நிறுத்தினோம். இன்றைக்கும் மூன்றரை மணிக்கு எழுந்துவிடுவார். இருட்டில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால், செய்ய வேலை எதுவும் இல்லாமல் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருப்பார். கட்டிலில் உட்கார்ந்தால் விளிம்பில்தான் உட்காருவார், பாதி உடம்பு வெளியே. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்துதான் காய் எடுக்க வேண்டும். வண்டியின் தாழ்வை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் கண்டதற்குக் காரணம் அதுதான். இருபத்திரண்டு வருஷம் உலகத்தைத் தூர்ப்பக்கமிருந்து பார்த்த கண் அது.

நாங்கள் அத்தைக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். டானிக் வாங்கினோம். முழங்காலுக்குப் பட்டி வாங்கினோம். மெத்தை வாங்கிப் போட்டோம். “இனி நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க” என்று ஒவ்வொருவரும் சொன்னோம். பாரத்தை இறக்கியாயிற்று, இனி நிமிர வேண்டியது அவர் பொறுப்பு என்பதுபோல. சில சமயம், மூன்றரை மணிச் சத்தத்தில் தூக்கம் கெட்டு, ஏன் இப்படி என்று சலித்துக்கொண்டதும் உண்டு. பாரம் இருக்கும்போது அவர் எப்படி இருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோருமே அப்போது சுமந்துகொண்டிருந்தோம். இறக்கிய பிறகு தெரிந்ததை நாங்கள் பழக்கம் என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம். அது பழக்கமில்லை. எங்களுக்காக எல்லை தாண்டி வளைந்த அளவு அது.

இரும்புக்கு வழி இருக்கிறது. நேராகிப்போன பட்டையைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைவு ஏற்றலாம். ஆனால் முறையாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்க்காமல் வெறுமனே அடித்து ஏற்றிய வளைவு நிற்காது, சில மாதத்தில் இறங்கிவிடும் என்று பெரியவரே ஒப்புக்கொண்டார். அடிக்கலாம், காசும் வாங்கிக்கொள்ளலாம், மனசு வரவில்லை என்றார். இரண்டு பக்கமும் புதுக் கட்டு போட முடிவானது. வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி மறுபக்கம் சாயும், சாய்வு ஒழியாது என்றார். கூடுதலாகப் போட்டிருந்த பட்டையைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினார்.

புது யூ போல்ட், புது சென்டர் போல்ட், புது ஷேக்கிள், புது ரப்பர் புஷ். பட்டைகளின் நடுவே கிரீஸ் பூசினார்கள். யூ போல்ட்டை மாற்றி மாற்றி, குறுக்குவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஆனால் பட்டை முனைகளின் புஷ் போல்ட்டுகளை மட்டும் பையன் இறுக்கப் போனபோது பெரியவர் அதட்டினார்: “டேய், விடுறா. வண்டி தன் கால்ல நிக்கட்டும்.”

வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது புஷ்ஷை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்குகிற நிலையையே தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, ஆட்டிவிட்டு, தன் எடையில் தானாக அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. பையன் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய் அதைச் செய்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. டேப் வைத்தார்கள். இடது, வலது, கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. ஐந்நூறு கிலோமீட்டரில் யூ போல்ட் முடுக்க வரவேண்டும் என்று மூன்று தடவை சொல்லியனுப்பினார். முறிந்த இரண்டாவது பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பூப்பாறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இருவர்தான். முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். பின்னால்தான் தனக்கு வசதி என்றார். ஏறும்போது கைப்பிடிக் கம்பியைப் பார்க்காமலேயே பிடித்தார். ஆறு வருஷம் கழித்து அந்தக் கை அந்த இடத்துக்குத் தானாகப் போனது. இரண்டு பக்கமும் நீள சீட்டுகள் காலியாகக் கிடந்தன. அத்தை இடது சீட்டின் கடைசியில், கதவோரம், பாதி இடத்தில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டார். எதிரே ஒருவர் முழங்கால் இருப்பதுபோல்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெயின் ரோடு வந்து, முந்தல் தாண்டி, மலை அடிவாரத்தில் எதிரே பஸ் வந்தபோது ஒதுங்கி நிறுத்தினேன். இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கின.

“அத்தை, உள்ள தள்ளி நல்லா உக்காருங்க. முழு சீட்டும் சும்மாதான கெடக்கு.”

“இருக்கட்டும்யா” என்றார் அத்தை. “மேல ஆள் ஏறும்ல.”

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். என்னய்யா என்றார். பேசாமல் அவர் பையை எடுத்து வலது சீட்டின் நடுவில் வைத்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பி, அதன் பக்கத்தில் உட்கார வைத்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டார். முதுகைச் சாய்க்கவில்லை. “இது ரொம்ப எடமால்ல இருக்கு” என்றார்.

திரும்பி வந்து முதல் கியர் போட்டேன். பின்னாலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.